ஜூஜூவாடியிலிருந்து பெல்லந்தூர், எலக்ட்ரானிக் சிட்டி: ஓசூர் ரோட்டில் தினசரிப் போக்குவரத்துக்கு எது சரி?

கேள்வி – ஜூஜூவாடி_125

வணக்கம். அடுத்த மாசத்திலிருந்து எனக்கு ஆபீஸ் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு. மனைவிக்கு எலக்ட்ரானிக் சிட்டி முதல் பேஸ். இப்போ வீடு ஓசூர் ஜூஜூவாடி. ரெண்டு பேருக்கும் வாரத்துக்கு அஞ்சு நாள் ஆபீஸ். காலை 9.30-க்குள் உள்ளே இருக்கணும். கையில் ஒரு 125 சிசி பைக், டிஎன் 70 பதிவு. மழை நாளுக்கு ஒரு கார், அதுவும் டிஎன் 70.

தெரிய வேண்டியது:
1. பைக்கிலேயே முழுசா போறதா, இல்ல பொம்மசந்திராவில் விட்டுட்டு மெட்ரோ ஏறுறதா?
2. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் டூவீலருக்கு டோல் கட்டிப் போவது உபயோகமா?
3. வீட்டை அத்திப்பள்ளி அல்லது சந்தாபுரா பக்கம் மாத்தினா வண்டிப் பதிவையும் மாத்தணுமா?

வழி நல்லா தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க அண்ணா.

---

பதில் 1 – அத்திப்பள்ளி_தினசரி

தம்பி, முதல்ல ஒண்ணு. உங்க ரெண்டு பேர் வழியும் வேற வேற. ஒரே பைக்கில் கிளம்பி, அவங்களை எலக்ட்ரானிக் சிட்டியில் இறக்கிட்டு நீங்க பெல்லந்தூர் போறதுன்னு கணக்குப் போட்டா, அவங்க கேட் வரைக்கும் உள்ளே போய்த் திரும்பி மறுபடி மெயின் ரோடு ஏறுறதுலயே நேரம் கரைஞ்சிடும். பிரிச்சே யோசிங்க.

இந்த ரோட்டில் தூரம் பிரச்சனையே இல்லை. ஓசூரிலிருந்து, ஓசூர் ரோடும் ரிங் ரோடும் சந்திக்கும் சில்க் போர்டு முப்பது கிலோமீட்டர் சுமார்தான். நேரத்தைத் தின்பது நாலு முடிச்சு: எல்லையில் அத்திப்பள்ளி டோல், ஆனேக்கல் ரோடு வந்து சேரும் சந்தாபுரா, பொம்மசந்திரா–ஹெப்பகோடி தொழிற்சாலைப் பகுதி, கடைசியா சில்க் போர்டு. நடுவில் இருக்கிற தூரத்தை எவ்வளவு வேகமா ஓட்டினாலும் அடுத்த முடிச்சில் போய் அதே லாரிக்குப் பின்னாலதான் நிக்கணும். அதனால உங்க கேள்வி "எந்த வண்டி" இல்லை, "எத்தனை முடிச்சைத் தவிர்க்கலாம்" என்பதுதான்.

மனைவிக்கு: ஜூஜூவாடியிலிருந்து பஸ்ஸில் வந்து எலக்ட்ரானிக் சிட்டியிலேயே நேரா இறங்கலாம். மெட்ரோவுக்கு மாறத் தேவையில்லை, நாலு ஸ்டேஷனுக்காக ஒருமுறை இறங்கி ஏறுவது வீண். ஆனா பொம்மசந்திராவில் வண்டி நத்தையா ஊரும் நாளில் அங்கேயே இறங்கி மெட்ரோ பிடிச்சா தப்பிச்சுக்கலாம். ஆபீஸ் கேட் எந்தப் பக்கம்னு பார்த்து கோணப்பன அக்ரஹாராவா, எலக்ட்ரானிக் சிட்டி ஸ்டேஷனான்னு முடிவு பண்ணச் சொல்லுங்க. பொம்மசந்திராவிலிருந்து வரும்போது கோணப்பன அக்ரஹாரா முதல்ல வரும், எலக்ட்ரானிக் சிட்டி அடுத்தது.

பஸ் ஏறும்போது கண்டக்டர்கிட்ட ஒரே கேள்வி: "பாலத்து மேல போற வண்டியா, கீழ போற வண்டியா?" தமிழ்நாடு அரசு பஸ்ஸில் தூர ஊர்லேர்ந்து வர்ற வண்டிகள் மேல ஏறிடும். ஏறிட்டா அடுத்து இறங்குறது சில்க் போர்டு பக்கம்தான். சிங்கசந்திரா, ஹோசா ரோடு, கூட்லு கேட் போறவங்க இதைக் கேக்காம ஏறி, எதிர்ப்பக்கம் பஸ் பிடிச்சுத் திரும்பி வர்றது தினமும் நடக்குது. பொம்மசந்திரா ஸ்டாப்பில் நிக்குமான்னும் ஏறுமுன்னே கேட்டுக்கணும், எல்லா வண்டியும் நிக்காது.

---

பதில் 2 – மஞ்சள்_தடம்

மெட்ரோ பகுதியை நான் சொல்றேன்.

மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும் 19.15 கி.மீ., 16 ஸ்டேஷன். நீங்க ஏறுற பொம்மசந்திரா ஒரு முனை, அதனால உக்கார இடம் கிடைக்கும், இது சின்ன விஷயம் இல்லை. அங்கிருந்து பதினோராவது நிறுத்தம் சென்ட்ரல் சில்க் போர்டு. வரிசை: ஹெப்பகோடி, ஹுஸ்கூர் ரோடு, கோணப்பன அக்ரஹாரா, எலக்ட்ரானிக் சிட்டி, பெரட்டேன அக்ரஹாரா, ஹோசா ரோடு, சிங்கசந்திரா, கூட்லு கேட், ஹொங்கசந்திரா, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு. முனையிலிருந்து முனைக்கு சுமார் 35 நிமிஷம்.

பாதகம் ரயில் இடைவெளி. திறந்தப்போ மூணே ரயில், 25 நிமிஷத்துக்கு ஒண்ணு. பிறகு ரயில் பெட்டிகள் வர வர இடைவெளி குறைஞ்சுது. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வாரத்து நேர அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கிட்டு, பிளாட்பாரத்துக்கு ரயில் வர்ற நேரத்தை வச்சு பஸ்ஸைப் பிடிங்க. கால் கடுக்க நின்னா மெட்ரோவின் லாபமே போச்சு.

ஸ்மார்ட் கார்டு வாங்கிடுங்க. கார்டில் 5 சதவீதம் தள்ளுபடி. உள்ளே போக குறைஞ்சபட்ச இருப்பு 90 ரூபாய் வேணும். மாசக் கடைசியில் 80 ரூபாய் இருக்கேன்னு நினைச்சுக் கேட்டில் கார்டை வச்சா கதவு திறக்காது, பின்னால வரிசை கட்டி நிப்பாங்க.

சில்க் போர்டில் இறங்கினதும் பெல்லந்தூருக்கு பிஎம்டிசி (பெங்களூரு டவுன் பஸ்) 500 வரிசை பஸ். 500டி ஹெப்பாள் வரை ரிங் ரோட்டிலேயே போகும், இப்ளூர், பெல்லந்தூர் எல்லாம் அதன் வழிதான். ரிங் ரோட்டில் நீலத் தட மெட்ரோ வேலை நடப்பதால் அந்தக் கடைசித் துண்டுதான் உங்களுக்கு மிச்சமிருக்கும் முடிச்சு. எச்எஸ்ஆர் லேஅவுட் உள்தெரு வழியா ஆட்டோ பிடிச்சா இப்ளூர் சிக்னல் வரை கொஞ்சம் ஆசுவாசம்.

"ஓசூர் வரைக்கும் மெட்ரோ வரப்போகுது, அதனால வீட்டை மாத்த வேணாம்"னு யாராவது சொன்னா அதை நம்பி முடிவெடுக்காதீங்க. பெங்களூரு மெட்ரோ ஓடுறது 750 வோல்ட் டிசி, பக்கத்தில் மூணாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்குது. தமிழ்நாட்டுப் பக்கத் திட்டத்தைப் பார்க்கிற சென்னை மெட்ரோ ஓடுறது 25 கிலோவோல்ட் ஏசி, தலைக்கு மேல கம்பி. ஒரே ரயிலை எல்லை தாண்டி ஓட்டணும்னா இந்த ரெண்டில் ஒண்ணைத் தேர்ந்தாகணும். ரெண்டு மாநிலமும் பேசி முடிச்சு, தூண் எழும்பி, ரயில் ஓடுற வரைக்கும் உங்க வீட்டு முடிவு காத்திருக்காது.

---

பதில் 3 – செயின்_லூப்

பைக் கேள்விக்கு. பெல்லந்தூர் போறவருக்கு ஓசூர் ரோட்டை முழுசா ஓட்டத் தேவையே இல்லை. சந்தாபுராவில் வலது பக்கம் திரும்பி தொம்மசந்திரா ரோடு, அங்கிருந்து சர்ஜாபூர் ரோடு, கார்மேலராம், இப்ளூர். பொம்மசந்திரா முடிச்சும் சில்க் போர்டு முடிச்சும் ரெண்டுமே கழிஞ்சுது. ஆனா ரோடு குறுகல், பல இடத்தில் தெருவிளக்கு கிடையாது, தண்ணி டேங்கரும் டிப்பரும் எதிர்ல வரும். காலையில் நல்ல வழி. ராத்திரி எட்டு மணிக்கு மேல, அதுவும் மழையில், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கணக்கு: போக வர சுமார் 70 கி.மீ. மாசம் 22 நாள்னா 1,540 கி.மீ. லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டியில் 31 லிட்டர் பெட்ரோல். 3,000 கி.மீ.-க்கு ஆயில் மாத்துறவங்கன்னா உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. ஷோரூம் காலண்டரைப் பார்க்காதீங்க, ஓடோமீட்டரைப் பாருங்க. செயினுக்கு 500 கி.மீ.-க்கு ஒருமுறை லூப் எண்ணெய், அதாவது ஒன்றரை வாரத்துக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டரை இந்த ரோட்டுத் தூசிக்கு மேனுவலில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே திறந்து பாருங்க. பின் டயர் வருஷத்துக்கு ஒண்ணு போகும்னு வச்சுக்கோங்க. காத்து வாரம் ஒருமுறை, வண்டி சூடாகும் முன்னாடி, செயின் கவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவுக்கு.

இனி மேம்பாலம். டூவீலர் போகலாம், டோல் உண்டு. 2010 ஜனவரியில் திறந்த பாலம், கிட்டத்தட்ட 10 கி.மீ., ஒரு பக்கத்துக்கு ரெண்டே லேன். ஓரம் ஒதுங்க இடமில்லை, அதுதான் பைக்குக்கு ஆபத்து. பஞ்சர் ஆனா ஓரச் சுவரை ஒட்டித் தள்ளிக்கிட்டு போங்க, நடுவில் நிறுத்தி டயரைப் பார்க்காதீங்க. நெடுஞ்சாலை உதவி எண் 1033. இடது லேனிலேயே போங்க, வேகத்தை இன்டர்செப்டர் (வேகம் அளக்கிற போலீஸ் வண்டி) வச்சுப் பிடிக்கிறாங்க.

பாலத்தில் ஒவ்வொரு துண்டும் சேரும் இடத்தில் குறுக்கே இரும்புப் பட்டை இருக்கும், எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட். காய்ஞ்ச நாளில் "டக் டக்"னு சத்தம், அவ்வளவுதான். முதல் தூறல் விழுந்த அரை மணி நேரம் அது மேல எண்ணெயும் தூசியும் தண்ணியும் சேர்ந்து வழவழன்னு இருக்கும். அதுக்கு மேல டயர் இருக்கிற நொடியில் பிரேக் பிடிக்கக் கூடாது, லேன் மாறக் கூடாது, வண்டியைச் சாய்க்கக் கூடாது. முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, நேரா, த்ராட்டிலை அப்படியே வச்சு தாண்டணும்.

கீழ் ரோட்டில் வேற மாதிரித் தொந்தரவு. ரீட்ரெட் டயர் (மேல புது ரப்பர் ஒட்டின பழைய டயர்) உரிஞ்சு விழுந்த கறுப்புப் பட்டைகள், டிப்பரிலிருந்து சிந்தின ஜல்லி, சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வர்ற வண்டிகள். லாரிக்கு இடது பக்கத்தில் ஓட்டாதீங்க. டிரைவருக்கு அந்தப் பக்கம் நீங்க தெரியவே மாட்டீங்க, ஹெப்பகோடியில் பாதி லாரி இடது பக்கம்தான் திரும்பும்.

உங்களுக்கு டோல் கட்டிப் பாலம் ஏறுவதால் லாபம் இல்லை. சில்க் போர்டு தாண்டிப் போறவங்களுக்குத்தான் அது.

---

பதில் 4 – ஹீலலிகே_பாசஞ்சர்

பெல்லந்தூர்னு சொன்னதும் யாரும் ரயிலைச் சொல்லலையே! ஓசூர்–பெங்களூரு ரயில் பாதை ஓசூர், ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலராம், பெல்லந்தூர் ரோடு, பையப்பனஹள்ளின்னு போகுது. பெல்லந்தூர் ரோடு ஸ்டேஷன் பானத்தூர் பக்கம். உங்க ஆபீஸ் காடுபீசனஹள்ளி, மாரத்தஹள்ளியை ஒட்டி இருந்தா இதுதான் முதல் தேர்வு. இப்ளூரை ஒட்டி இருந்தா கார்மேலராமில் இறங்கி சர்ஜாபூர் ரோட்டில் பஸ்.

மாச சீசன் டிக்கெட் எடுத்தா பெட்ரோல் செலவில் ஒரு சிறு பங்குதான். ஆனா ரயில் எண்ணிக்கை குறைவு. ஒண்ணைத் தவறவிட்டா அடுத்ததுக்குக் காத்திருக்காம பஸ்ஸுக்கு ஓடணும். பையப்பனஹள்ளி–ஓசூர் 48 கி.மீ. இரட்டைப் பாதை வேலை நடக்குது. அது முடியாத துண்டுகளில் எதிர் ரயிலுக்காக கிராசிங்கில் நிறுத்திடுவாங்க. உள்ளூர் ரயில்தான் காத்திருக்கும், எக்ஸ்பிரஸ் முதல்ல போகும். 9.30-க்கு உள்ளே இருக்கணும்னா, அந்த நேரத்துக்குச் சரியா கொண்டு விடுற ரயிலுக்கு முந்தின ரயில்தான் உங்க ரயில்.

ஹீலலிகேயிலிருந்து ராஜனகுண்டே வரை 46 கி.மீ. புறநகர் ரயில் தடமும் வருது, கனகா தடம்னு பேர். நாளைக்கு ஓடாது, ஆனா சந்தாபுரா பக்கம் வீடு பார்க்கிறவங்க மனசில் வச்சுக்க வேண்டியது.

---

ஜூஜூவாடி_125

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆபீஸ் இப்ளூர் பக்கம்தான், அதனால மெட்ரோ–500டி, இல்ல சந்தாபுரா–தொம்மசந்திரா பைக் வழி, ரெண்டில் ஒண்ணு. மழைக்காலம், பதிவு, காரின் டோல் பத்தியும் யாராவது சொல்லுங்க. மனைவிக்கு இலவச பஸ் ஏதாவது பொருந்துமா?

---

பதில் 5 – படிவம்_28

இலவச பஸ் முதல்ல. தமிழ்நாட்டு விடியல் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். பெங்களூரு போற பஸ்ஸில் கிடையாது. கர்நாடகாவின் சக்தி திட்டம் 2023 ஜூனிலிருந்து இருக்கு. ஆனா கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேணும், ஓசூர் ஆதார் காட்டினா டிக்கெட் எடுக்கச் சொல்வாங்க. வஜ்ரா போன்ற ஏசி பஸ்ஸில் செல்லாது. அத்திப்பள்ளிக்குக் குடி வந்து ஆதார் முகவரியை மாத்தினா, அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு பிஎம்டிசி சாதாரண பஸ்ஸில் உங்க மனைவிக்குச் செலவே இல்லை. வீட்டு வாடகையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிக்கோங்க.

பதிவு: ஓசூரில் குடியிருந்து தினமும் வந்து போறவரைக்கும் டிஎன் 70 பதிவே போதும். வாடகை ரசீதோ முகவரிச் சான்றோ போனில் இருக்கட்டும், மறிச்சுக் கேட்டா காட்டலாம். கர்நாடகாவுக்குக் குடி மாறி வண்டியும் 12 மாசத்துக்கு மேல அங்கேயே இருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவின்படி மறுபதிவு பண்ணணும். படிகள் இப்படி: ஓசூர் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று. கடன் பாக்கி இருந்தா முதல்ல பேங்க் சம்மதக் கடிதம். பிறகு கர்நாடகாவில் படிவம் 27 (புது எண்), படிவம் 33 (முகவரி), இன்ஷூரன்ஸ், மாசுச் சான்று. வண்டியின் வயசுக்குக் கழிச்சு ஆயுள் வரி கட்டணும். அதுக்கப்புறம் தமிழ்நாட்டில் கட்டின வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். சந்தாபுரா ஆர்டிஓ எண் கேஏ 59, எலக்ட்ரானிக் சிட்டி கேஏ 51. உங்க புது முகவரி எதில் வருதுன்னு பார்த்துட்டுப் போங்க.

படிவம் 28 திரும்பி வர்றதுக்கு முக்கியக் காரணம் சேசிஸ் நம்பர் பிரதி. நம்பர் மேல மெல்லிய தாளை வச்சு, பென்சில் முனையைப் படுக்க வச்சுத் தேய்ச்சு எடுக்கணும். பைக்கில் ஹேண்டில் கழுத்துக்குக் கீழே இருக்கும், கிரீஸும் மண்ணும் அப்பியிருக்கும். துணியில் மண்ணெண்ணெய் நனைச்சு முதல்ல துடைங்க, காயட்டும், பிறகு தேய்ங்க. ஒரு எழுத்து மங்கினாலும் கவுண்டரில் வாங்க மாட்டாங்க. படிவம் பல பிரதி கேப்பாங்க, அஞ்சு ஆறு தாளில் எடுத்து வச்சுக்கோங்க.

கார்: ஃபாஸ்டேகில் பணம் இருக்கட்டும். 2025 நவம்பர் 15-லிருந்து தேசிய நெடுஞ்சாலை டோலில் டேக் இல்லாம யுபிஐயில் கட்டினா ஒன்றேகால் மடங்கு. வருடாந்தர பாஸ் (2025-ல் 3,000 ரூபாய்) 200 பயணம் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அது. போறது ஒரு பயணம், வர்றது இன்னொண்ணு. மழை நாளுக்கு மட்டும் எடுக்கிற காருக்கு அது தீராது. வாங்கினாலும் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி ரெண்டு டோலின் பேரும் ராஜ்மார்க்யாத்ரா (தேசிய நெடுஞ்சாலை ஆணைய) ஆப் பட்டியலில் இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. நைஸ் ரோட்டில் அது செல்லாது, அது தேசிய நெடுஞ்சாலை இல்லை.

---

பதில் 6 – அத்திப்பள்ளி_தினசரி

மழையைப் பத்தி. மடிவாளா ஏரி நிரம்பினா தண்ணி அகரா ஏரிக்கும், அங்கிருந்து பெல்லந்தூர் ஏரிக்கும் போகணும். சில்க் போர்டு, ரூபேன அக்ரஹாரா எல்லாம் அந்தப் பள்ளத்தில் உக்காந்திருக்கு. ராஜகாலுவேயில் (ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாய்) குப்பை அடைச்சா ரோடே கால்வாய். கீழே தண்ணி நின்னா பாலத்திலிருந்து இறங்குற வண்டி நகராது, மேலே இருக்கிறவங்க திரும்பவும் முடியாது. அதனால சாயங்காலம் பெருமழைன்னா காரை எடுக்காதீங்க, மெட்ரோதான். "மழை நாளுக்குக் கார்"ங்கிற திட்டத்தை இந்த ரோட்டுக்குத் தலைகீழா வச்சுக்கோங்க. பைக்கை பொம்மசந்திராவில் விட்டிருந்தா ரெயின்கோட் போட்டு அங்கிருந்து வீடு.

நேரம்: ஜூஜூவாடியை காலை ஏழேகாலுக்குள் தாண்டிடுங்க. அதுக்கப்புறம் கம்பெனி பஸ்கள் ரெண்டு திசையிலும் குவியும், ஓசூர் சிப்காட்டுக்கு வர்றவங்களும் பொம்மசந்திரா போறவங்களும் ஒரே நேரத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பண்டிகைக்கு முந்தின நாளும் மடிவாளாவிலிருந்து அத்திப்பள்ளி வரைக்கும் ஊருக்குப் போற கூட்டம். தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம் எல்லையில் பட்டாசுக் கடை முன்னாடி ரோட்டோரமே காரை நிறுத்திடுவாங்க, இடது லேன் இல்லாம போயிடும். அந்த நாட்களில் உங்க மனைவி சந்தாபுராவில் இறங்கிட்டு, நீங்க தொம்மசந்திரா பக்கத்திலிருந்து வந்து அவங்களை ஏத்திக்கிட்டு, அங்கிருந்து பைக்கில் வீடு போறது பஸ்ஸை விட வேகம். ரெண்டு ஹெல்மெட், ரெண்டும் ஐஎஸ்ஐ. பின்னால உக்காருறவங்களுக்கும் ரெண்டு மாநிலத்திலும் கட்டாயம்.

---

ஜூஜூவாடி_125

தெளிவாச்சு அண்ணா. முதல் மாசம் மெட்ரோ–500டி, காலையில் வெளிச்சம் இருக்கும் நாளில் தொம்மசந்திரா வழி. தொம்மசந்திரா ரோட்டில் காலை டிப்பர் எத்தனை மணி வரைக்கும் வரும்?

---

பதில் 7 – செயின்_லூப்

டிப்பருக்கு நேரம் கிடையாது, கட்டட வேலை நடக்கும் வரைக்கும் வரும். ஹெட்லைட்டை லோ பீமில் வச்சு, வளைவுக்கு முன்னாடி ஹாரன். முத்தாநல்லூர் கிராஸ் தாண்டினதும் பின்னால ஒட்டாம நாற்பது மீட்டர் விடுங்க. மேல தார்ப்பாய் போடாத டிப்பரா இருந்தா எண்பது.